லாஸ் பாட்ரினோஸ் சிறார் காவல் இல்லம்: தினசரி வருகைப் பதிவேட்டை வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
செரிட்டோஸ், ஆர்ட்டீசியா பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சிலரின் சார்பாக.

பெறுநர்:
நான்காவது மாவட்ட மேற்பார்வையாளர் அவர்கள்,
லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மேற்பார்வையாளர் குழு.

நாள்: ஆகஸ்ட் 2025

பொருள்: டவுனி லாஸ் பாட்ரினோஸ் சிறார் காவல் இல்லத்தில் பணியாளர் வருகையையும் பிள்ளைகளின் வகுப்பு வருகையையும் தினமும் வெளியிடவும், வீட்டிலிருந்தே கண்காணிக்கக்கூடிய பிள்ளைகளை அங்கே வைக்காதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது செரிட்டோஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். மனசில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். அதனால் மனுவைத் தமிழில் எழுதி, மகள் செய்த ஆங்கிலப் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

பயனியர் பூலவார்டுக்கு மளிகை வாங்கப் போகும் எங்களில் பலருக்கு, அங்கிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. எனக்கும் கடந்த மார்ச் வரை தெரியாது. அந்த மாதம்தான் லாஸ் பாட்ரினோஸில் வேலை பார்த்த 30 நன்னடத்தை அலுவலர்கள் மீது மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்த செய்தி வந்தது. 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை பிள்ளைகளுக்கிடையே நடந்த 69 சண்டைகளை அவர்கள் தடுக்காமல் விட்டார்கள், சிலவற்றைத் தூண்டியும் விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் 140 பேருக்கு மேல், வயது 12 முதல் 18 வரை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் 12 வயது என்றால் எங்கள் ஊரில் ஏழாம் வகுப்பு. அந்த வயதுப் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்தவள் நான். செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். கலிஃபோர்னியா 1941 முதல் நடத்திவந்த மாநிலச் சிறார் சிறை அமைப்பை மூடுவதற்கு 2020இல் சட்டம் வந்தது. 2021 ஜூலையிலிருந்து சிலரைத் தவிர புதிதாக யாரையும் அங்கே அனுப்பவில்லை. 2023 ஜூன் 30 அன்று அது முழுசாக மூடப்பட்டது. பிள்ளைகள் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் கவுண்டி நிர்வாகங்களின் பொறுப்புக்கு வந்தார்கள். இது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் ஒரு தாய், தன் பையனைப் பார்க்க 300 மைலுக்கு மேல் பயணம் செய்து, மாநிலச் சிறை இருந்த ஸ்டாக்டனுக்குப் போக வேண்டியிருந்த நிலைமை மாற வேண்டியதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளை திருந்துவான் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சட்டமே வந்தது.

ஆனால் நம் கவுண்டியில் நடந்தது என்ன? லாஸ் பாட்ரினோஸ் 2019இல் மூடப்பட்ட கட்டடம். 2023 மே மாதம் சில்மரில் உள்ள பாரி நிடார்ஃப் இல்லத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் ஃபென்டனில் என்ற போதை மருந்தால் இறந்தார். அதே மாதம், சிறார் இல்லங்களைச் சோதிக்கும் மாநில வாரியம் அந்த இல்லத்தையும் நகருக்குள் இருந்த சென்ட்ரல் இல்லத்தையும் சிறார்களை வைக்கத் தகுதியற்றவை என்று அறிவித்து 60 நாள் கெடு கொடுத்தது. உடனே லாஸ் பாட்ரினோஸைத் திறந்து, வழக்கு முடியாத பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். கூடவே ஆள் பற்றாக்குறையும் குடிவந்தது. 2024 அக்டோபரில் இந்த இடத்துக்கும் அதே 'தகுதியற்றது' முத்திரை, டிசம்பர் 12க்குள் காலி செய்யச் சொல்லி உத்தரவு. அந்தத் தேதி வந்தது, போனது, பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். 2025இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேறு இடங்களுக்கு மாற்றும் திட்டம் வந்தது. ஜூலையில் அட்டர்னி ஜெனரல், இந்த இல்லங்களின் நிர்வாகத்தைக் கவுண்டியிடமிருந்து எடுத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கும்படி கேட்டிருக்கிறார்.

எங்கள் பள்ளிகளில் காலையில் இரண்டு பதிவேடுகள் திறக்கப்படும். ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் பதிவேடு தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும். மாணவர்களுடையது வகுப்பில். முதல் பதிவேட்டில் நாலு பெயர் விடுபட்டால், அன்றைக்கு எந்தெந்த வகுப்பு வீணாகும் என்று அலுவலக உதவியாளருக்குக்கூடத் தெரிந்துவிடும். லாஸ் பாட்ரினோஸைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த முதல் பதிவேட்டில்தான் வந்து நிற்கிறது. வேலைக்கு வரவேண்டியவர்களில் நிறையப் பேர் வருவதில்லை. வந்தவர்கள் ஒரு ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் அடுத்த ஷிஃப்டையும் பார்க்கிறார்கள். அவர்கள் களைப்பையும் நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் கூட்டிப்போக ஆள் இல்லாததால் பிள்ளை அறைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறான். வகுப்புக்குத் தாமதமாகப் போகிறான், இல்லை போவதே இல்லை. 2023இலேயே மாநில அரசு இதை நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் என் கண்ணில் பட்டது. இல்லத்துக்குள் இருக்கும் பள்ளியை நடத்துவது கவுண்டிக் கல்வி அலுவலகம். பிள்ளையை அறையிலிருந்து வகுப்புக்கு அழைத்துவர வேண்டியது நன்னடத்தைத் துறை. பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு துறையும் ஒன்றையொன்று கைகாட்டலாம். ஆனால் நன்னடத்தைத் துறைத் தலைவரை நியமிப்பது உங்கள் குழு. கவுண்டிக் கல்விக் கண்காணிப்பாளரை நியமிப்பதும் உங்கள் குழுதான். அதனால்தான் நேராக உங்களிடம் வருகிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் எத்தனை பேர் வரவேண்டும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தார்கள், எத்தனை மணி நேரம் அறையில் பூட்டப்பட்டார்கள் என்ற நான்கு எண்களையும் மறுநாள் காலையில் கவுண்டி இணையதளத்தில் போடச் சொல்லுங்கள். யார் பெயரும் வேண்டாம். நாலே எண்கள். கவுண்டியின் நன்னடத்தைக் கண்காணிப்பு ஆணையம் மாதக்கணக்கில் அறிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றன்றே கேள்வி கேட்க முடியும். பெற்றோர்களும் கேட்பார்கள்.

அடுத்தது, அங்கே யாரை வைத்திருக்கிறோம் என்பது. இது பெரும்பாலும் வழக்கு முடியாத பிள்ளைகள் இருக்கும் இடம். வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ வைத்துக் கண்காணிக்கக்கூடியவர்களை அங்கே வைக்காதிருக்க, ஒவ்வொரு பிள்ளையின் வழக்கையும் தொடர்ந்து ஆய்வு செய்யச் சொல்லுங்கள். ஆள் பற்றாக்குறைக்காக, வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் களப்பணி நன்னடத்தை அலுவலர்களை இல்லத்துக்கு இழுப்பது வேண்டாம். அவர்கள் வெளியே இல்லாவிட்டால் எந்த நீதிபதி தைரியமாகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைக் கவுண்டிகளிடம் ஒப்படைத்தபோது, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,25,000 டாலர் என்ற கணக்கில் மாநிலம் நிதி ஒதுக்கியது. நான் கணக்கு வாத்தியார், இந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். 2022இல் நீங்களே தொடங்கிய இளையோர் மேம்பாட்டுத் துறை, இதே பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே வழிகாட்டியும் வேலைப் பயிற்சியும் தருவதற்காக வந்தது. புதிதாகக் கட்டடம் பழுதுபார்ப்பதற்கு முன்னால் அந்தத் துறைக்கு நிதி ஒதுக்குங்கள்.

இல்லங்களில் பிள்ளைகளை அடக்க அவர்கள் மீது அடிக்கும் பெப்பர் ஸ்பிரேயைக் கைவிடுவதாக உங்கள் குழு 2019இல் வாக்களித்தது. அது முழுசாக நிறைவேறும் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எங்கள் வீடுகளுக்கான ஒரு வேண்டுகோள். 'நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் வராது' என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம். வந்துவிட்டால் மானம் போய்விடும் என்று யாரிடமும் கேட்கவும் மாட்டோம். காவலில் வைத்துப் போலீஸ் விசாரிப்பதற்கு முன், 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள எந்தப் பிள்ளையும் வழக்கறிஞரிடம் பேசியே ஆகவேண்டும் என்பது 2021 முதல் இந்த மாநிலச் சட்டம். எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. 'போலீஸ் கேட்டா உண்மையைச் சொல்லிடு, விட்டுடுவாங்க' என்றுதான் எல்லாரும் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த உரிமையையும், பிள்ளை பிடிபட்டால் பெற்றோர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் ஒரே தாளில், தமிழ் உட்பட இங்கே பேசும் மொழிகளில் அச்சிட்டு, பள்ளிகளிலும் நூலகங்களிலும் வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பை நாங்கள் இலவசமாகச் செய்து தருகிறோம்.

இந்த மனுவை உங்கள் குழுவின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒன்றின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, எந்தத் தேதி என்று எங்களுக்குத் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அன்றைக்கு நானும் கையெழுத்திட்ட பெற்றோர்களும் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
செரிட்டோஸ்.

இணைப்பு: ஆங்கிலப் பிரதி, பெற்றோர் கையெழுத்துப் பட்டியல்.