பொருளாளர் என்றதும் ஆளைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சின்னக் கால்பந்து கிளப்புக்குப் பதினோரு வருடமாக நான்தான் பொருளாளர். சம்பளம் கிடையாது. பையன்களின் சந்தா நடுவர் கூலிக்கே சரியாகப் போய்விடும். ஜெர்சி, பந்து, வேன் வாடகை எல்லாம் பிரியாணி விற்ற காசு. அண்டா கழுவக்கூட ஆள் வருகிறார்கள், கணக்கு நோட்டைத் தொடத்தான் யாரும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில், இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கம், நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். விட்டால் பதிவே ரத்தாகலாம். போன வருடம் கண் அறுவைக்காக நான் படுத்திருந்தபோது ரசீதெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில் அப்படியே கிடந்தன.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் பதவிக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள். பொருளாளர் என்றதும் எல்லோருக்கும் தேநீர் ஞாபகம் வந்துவிட்டது! கணக்கியல் படிக்கும் பிள்ளைகள் மாதம் இரண்டு சனிக்கிழமை வந்தால் போதும், நானே சொல்லித் தருகிறேன்.

ஒரு கிளப் பொருளாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்