அயர்லாந்துக் கிராமத்தில் தங்கலும் சாப்பாடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனிலோ டப்ளினிலோ பிள்ளை இருக்கும் குடும்பம் திருகோணமலையில் இப்போது தெருவுக்கு ஒன்றாவது உண்டு. பார்க்கப் போகும் தாய் தகப்பனை நாலு நாளைக்கு அயர்லாந்தின் மேற்குக் கரைக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப் போவதும் வழக்கமாகிவிட்டது. பயணப் பக்கங்களில் கடலும் பச்சை வயலும் நன்றாகத்தான் வருகின்றன. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அங்கே ஒரு கோப்பை சூப்கூடக் கிடைக்காது என்பதைத்தான் எவரும் எழுதுவதில்லை.

முதலில் விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பிரித்தானிய விசா அயர்லாந்தில் செல்லாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும்: ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. வட அயர்லாந்து பிரித்தானியாவைச் சேர்ந்தது. எல்லையில் சாவடி எதுவும் இல்லாமல் பஸ் கடந்து போய்விடுவதால் பலருக்கு இது உறைப்பதில்லை. அங்குள்ள பெல்பாஸ்ட் பக்கம் ஒருநாள் சுற்றுலா போவதானால் பிரித்தானிய விசாவும் கையில் வேண்டும். அயர்லாந்து விசா ஒருமுறை நுழைவுக்கு உரியதென்றால், எல்லை தாண்டியதோடு அது முடிந்துவிடும்.

கிராமம் என்று கேட்டால் எல்லோரும் டூலின் என்பார்கள். இசைக்குப் பேர்போன ஊர்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே அமைதியைத் தேடாதீர்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்குக் கால்வே விரிகுடாக் கரையிலுள்ள பாலிவோன் நல்லது. கால்வே நகரில் புறப்படும் 350ஆம் இலக்க பஸ் பாலிவோன், டூலின், மோஹர் கடலோரச் செங்குத்துப் பாறைகள் என்ற வரிசையில் போகும். ஆகவே பாலிவோனில் தங்கி, மற்ற இரண்டையும் பகலில் பார்த்துத் திரும்பலாம். குளிர்காலத்தில் ஓட்டங்கள் குறைவு; கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தரிப்பிடத்தில் நின்றால் மட்டும் போதாது, நம்மூர் போலக் கையைக் காட்ட வேண்டும்.

தங்குவதற்கு பாலிவோன் சந்தியில் ஹைலண்ட்ஸ் பரன் ஹோட்டல் இருக்கிறது. சுற்றிலும் காலைச் சாப்பாட்டோடு அறை தரும் வீடுகள் உண்டு. இவற்றில் பல நவம்பர் தொடக்கம் மார்ச் வரை பூட்டிக் கிடக்கும். பதிவு செய்யும்போது கீழ்மாடி அறை உண்டா என்று கேளுங்கள். படிகள் ஒடுக்கம், லிஃப்ட் இராது. வீட்டின் 'அயர்கோட்' (Eircode) என்ற அஞ்சல் குறியீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டுப்புற வீடுகள் பலவற்றுக்கு இலக்கம் கிடையாது. 2015இல் வந்த இந்த ஏழு எழுத்துக் குறியீடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. தொலைபேசி வரைபடத்தில் போட்டால் வாசலுக்கே கொண்டுபோய் விடும். குளியலறையில் சுடுநீர் வராவிட்டால் வீட்டுக்காரரை எழுப்ப முன்னர் கூரையைப் பாருங்கள்: அங்கே தொங்கும் கயிற்றை இழுத்தால்தான் பல வீடுகளில் ஷவருக்கு மின்சாரம் வரும்.

இனிச் சாப்பாடு. காலைத் தட்டில் முட்டை, தக்காளி, காளான், அவரை எல்லாம் இருக்கும். கூடவே பன்றி இறைச்சியும் சொசேஜஸும். கறுப்பு வட்டமாக வெட்டி வைத்திருப்பது பன்றி இரத்தத்தில் செய்தது. மரக்கறிக்காரரும் முஸ்லிம் நண்பர்களும் முதல்நாள் இரவே சொல்லிவைக்க வேண்டும். காளானை வேறு சட்டியில் பொரிக்கச் சொல்வதும் அவசியம். ஓட்ஸ் கஞ்சியும் சோடா பாணும் கேட்டு வாங்கலாம். அந்தப் பாணில் ஈஸ்ட் கிடையாது. அப்பச்சோடாவும் மோரும்தான் அதைப் பொங்க வைக்கின்றன.

பகலிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு மதுவிடுதிதான் கதி. குடிக்காதவர் போவதில் குறை இல்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். 'மரக்கறி சூப்' என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாறு சேர்ந்திருக்கலாம். மீன் சூப்பில் சில இடங்களில் பன்றித் துண்டு போடுவார்கள். இரண்டையும் கேட்காமல் வாங்காதீர்கள். சில இடங்களில் மதியம் மூன்று மணிக்குக் குசினியைச் சாத்தி, மாலை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். டூலினில் ஓ'கொனர்ஸ், மக்கான்ஸ், மக்டெர்மட்ஸ் மூன்றிலும் இசை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஒன்பது மணியளவில்தான் தொடங்கும். 18 வயதுக்குக் குறைந்தோர் ஒன்பது மணிக்குப் பின் மதுவிடுதியில் இருக்கக்கூடாது என்பது சட்டம். மே முதல் செப்டெம்பர் வரை பத்து மணி. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் கோடையில் போனால் ஒரு மணி நேரமாவது கேட்கலாம்.

சோறில்லாமல் சரிவராது என்பவர்கள் குசினி உள்ள வீடு எடுப்பதே மேல். கறித்தூள் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலை, பால்மா, நெய், இறைச்சி இவற்றை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். தாளிக்கும்போது யன்னலைத் திறவுங்கள். செத்தல் மிளகாய்ப் புகைக்குப் புகைமணி அலறும்.

உடுப்பில் ஒன்று: குடை வேண்டாம். மழை பக்கவாட்டில் அடிக்கும், காற்று கம்பியை மடக்கிவிடும். தொப்பியுள்ள மழைச்சட்டையும் வழுக்காத சப்பாத்தும் போதும். கோணேசர் கோயில் பாறையில் எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் மோஹரில் அப்படிச் செய்ய வேண்டாம். அது 214 மீற்றர் உயரம். விளிம்பு மண் உதிரும். மூடிய பாதை என்று பலகை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.