ஒக்டோபர் 31க்குள் ரூ. 4,65,000: பாடகர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

மின்பியானோவுக்குக் கடையில் ஒரு இலட்சம் முற்பணம் கட்டிவிட்டோம். ஒக்டோபர் 31க்குள் மிச்சக் காசு போய்ச் சேராவிட்டால் பியானோவும் இல்லை, முற்பணமும் இல்லை.

மட்டக்களப்பில் நாலு குரலில் பாடுவது நேற்று முளைத்த காரியம் அல்ல. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, அடுத்த வருடமே இந்த மண்ணுக்குள் போனார். அவருக்குப் பின் வந்தவர்களிடம் பாட்டுப் படித்த பரம்பரை நாங்கள். எங்கள் பாட்டன்மார் டோ ரே மி எழுத்தைப் பார்த்தே சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துப் பாடினார்கள். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையும் ஹெண்டல் இயேசுவைப் பற்றி இசையமைத்த மெசாயா என்ற பெரிய கூட்டுப்பாட்டும் ஒரே மேடையில் ஒலித்தன. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போன வருடமும் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் கிறிஸ்மஸ் பாட்டு நடந்தது. 2004இல் கடல் ஆல்டோ வரிசையில் இருவரைக் கொண்டுபோனது. அந்த வருத்தத்தோடும் பாடினோம். (மூத்தவர்கள் இந்தக் கதைகளைத் தொடங்கினால் ஒத்திகை அரை மணித்தியாலம் பிந்தும், அது வேறு விஷயம்.)

இவ்வளவுக்கும் துணைநின்ற கால் ஆர்மோனியம் இப்போது படுத்துவிட்டது. துருத்தித் தோல் வெடித்து, மிதிக்கிற காற்றெல்லாம் பக்கத்தால் போகிறது. மாரி வந்தால் கட்டைகள் ஊதி, அழுத்திய கட்டை மேலே வராது. வாசிக்கிற அக்கா இடக்கையால் அதைக் கிளப்பிவிட்டுக்கொண்டே வலக்கையால் வாசிக்கிறார்.

செலவு இதுதான்: மின்பியானோ 4,60,000, ஆர்மோனியத் திருத்தம் 1,40,000, மின்சாரம் நின்றால் ஓட பற்றரி 75,000, பாட்டுப் பிரதிகள் 45,000, இரவு ஒத்திகை முடிந்து பிள்ளைகளை வீட்டில் விட ஓட்டோ 60,000. மொத்தம் ரூ. 7,80,000. முற்பணத்தையும் சேர்த்து இதுவரை வந்தது 3,15,000.

தந்தவர்களை மறக்க மாட்டோம். கனடாவிலும் சுவிஸிலும் இரவு வேலை செய்து காசு அனுப்பிய முன்னாள் டெனர்மாருக்கும், ஓய்வூதியத்தில் மாதம் 500 ரூபாய் ஒதுக்கும் ரீச்சர் அம்மாவுக்கும், இடியப்பம் அவித்து விற்று 22,000 ரூபாயைச் சில்லறையாகவே கொண்டுவந்து கொட்டிய பெண்கள் சங்கத்துக்கும் ஆண்டவர் நூறு மடங்காகத் திருப்பித் தருவார். அந்தச் சில்லறையை எண்ணி முடிக்கத்தான் ஒரு பின்னேரம் போனது.

மெசாயா முதன்முதல் 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் அரங்கேறியதும் தருமத்துக்காகத்தான். கூடுதல் ஆட்கள் உள்ளே வரட்டும் என்று, பெண்கள் வளையம் வைத்த அகலப் பாவாடையை உடுத்தாமல் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். சேர்ந்த பணத்தில் கடனுக்காக மறியலில் கிடந்த 142 பேர் வெளியே வந்தார்கள். நாங்கள் ஒரு பியானோவைக் கடையிலிருந்து வெளியே எடுக்கத்தான் கேட்கிறோம்.

அப்புறம், இதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒரு சதம் வாங்காமல் வந்து பாடியது இந்தக் குழு. உயிர்த்த ஞாயிறன்று கை உயர்த்தி வாக்குத் தந்த சிலர் இன்னும் பொருளாளரைக் கண்டால் மற்றப் பக்கத்து வாசலால் போகிறார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார், இரண்டு வாசலிலும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு கணக்கு முழுவதும் அறிவித்தல் பலகையில் வரும்: தந்தவர் பெயரும், தருவதாகச் சொன்னவர் பெயரும்.

நிர்வாகசபை
பாடகர் குழு, மட்டக்களப்பு