தண்ணீர்ப் பந்தலில் உப்பும், பக்கத்தில் ஒதுங்க இடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி உத்திரத்துக்காகக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து, வெள்ளகோவில், தாராபுரம் வழியாகப் பழனி வரை சுமார் 90 கி.மீ. தூரம் நடக்கும் தீர்த்தக் காவடிக் குழுக்களில் ஒன்றில் நானும் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். வழி நெடுகப் பந்தல் போட்டுத் தாகம் தீர்க்கும் ஊர்க்காரர்களின் நல்ல மனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அத்தனை பந்தல்கள் இருந்தும், ஒவ்வோர் ஆண்டும் எங்கள் குழுவில் ஒருவர் இருவராவது வெயிலில் சுருண்டு விழுவதைப் பார்த்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

தைப்பூச நடையில் பனியும் குளிரும் துணைக்கு வரும். பங்குனி நடையில் அது கிடையாது. தாராபுரம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட பூமி என்பதால், காலை பத்து மணிக்கே தார்ச்சாலை வெறுங்காலைச் சுடத் தொடங்கிவிடுகிறது. அந்த வெயிலில் விடாமல் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும், வியர்வை போகும். அதோடு உப்பும் போகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தாராபுரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இளைப்பாறியபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞரின் பச்சைச் சட்டையில் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைக் கண்டேன். பந்தலுக்குப் பந்தல் நின்று, வயிறு முட்டப் பச்சைத் தண்ணீர் குடித்து வந்தவர் அவர். சற்று நேரத்தில் தலை கனக்கிறது என்றார், வாந்தி எடுத்தார், இரண்டு கெண்டைக்கால்களும் இழுத்துக்கொண்டன. உப்பை இழந்த உடம்பில் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போகும் என்றும், அது முற்றினால் வலிப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்றும் அங்கு வந்த செவிலியர் சொன்னபோது, அதிகம் குடிப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை முதன்முறையாக அறிந்தேன்.

ஆகவே பந்தல் வைப்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் உப்புக் கரைசல் குடம் ஒன்றையும் வையுங்கள் என்பதே. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு, சர்க்கரைக் கலவைப் பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் ஒரு பொட்டலத்தைக் கொட்டிக் குடிப்பதும், ருசிக்காக மேலும் சர்க்கரை சேர்ப்பதும் தவறு. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். நம் நீர்மோரும் நல்லதுதான், உப்புப் போட்டிருந்தால். வெறும் இனிப்புச் சர்பத் இதற்கு ஈடாகாது.

நடப்பவர்களும் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கில் குடித்துவர வேண்டும். மணிக்குச் சுமார் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம். சிறுநீர் டிகாஷன் போலக் கறுத்துப் போனால் உடம்பு காய்ந்துவிட்டது என்று பொருள். இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. யாராவது உளறத் தொடங்கினாலோ நினைவு தப்பினாலோ வாயில் தண்ணீர் புகட்டாமல், நிழலில் கிடத்தி உடம்பின் மேல் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் பெண்களுக்கு இது பயன்படாது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. என் அண்ணி வெள்ளகோவிலிலிருந்து தாராபுரம் வரும்வரை இரண்டே டம்ளர் தண்ணீர்தான் குடித்திருந்தார். ஏன் அண்ணி என்று கேட்டதற்கு, "குடிச்சா ஒதுங்க இடம் தேடணுமே தம்பி" என்றார். உதடு வெடித்திருந்தது, மறுநாள் நீர்க்கடுப்பால் நடக்கவே முடியாமல் பேருந்தில் ஊர் திரும்பினார். அவர் ஒருவர் மட்டுமல்லர். கூட வந்த பெண்கள் பெரும்பாலோர் இப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பந்தல் இல்லாமல் அவர்கள் வாடவில்லை. கழிப்பறை இல்லாமல்தான் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள்.

எனவே உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பே வழியோர ஆரம்ப சுகாதார நிலையங்கள் மூலம் பந்தல்காரர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைக் கொடுத்து, கலக்கும் அளவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் குடத்தருகே தொங்கவிட மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். சாலையோரப் பள்ளிகள், திருமண மண்டபங்களின் கழிப்பறைகளை அந்த நாட்களில் இரவும் பகலும் பெண்களுக்குத் திறந்துவைக்க வேண்டும். அவை இல்லாத இடங்களில் பந்தலுக்கு அருகிலேயே விளக்கும் தண்ணீரும் உள்ள தற்காலிகக் கழிப்பறைகளை அமைக்க வேண்டும். வரும் பங்குனிக்கு அண்ணி மறுபடியும் நேர்ந்துகொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தீர்த்தக் காவடி அடியவர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்