பாட்டெழுதும் பாடவேளைக்குத் துணைநின்ற உங்களுக்கு

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மனதில் இருப்பதைப் பாட்டாக எழுதிப் பாடும் இசைச் சிகிச்சைக்கு உதவிய அனைவருக்கும் எங்கள் குழுவின் வணக்கமும் நன்றியும்.

தலைமை ஆசிரியர் அம்மா, கதவு சாத்திக்கொள்ளும்படியான அறை தந்தீர்கள். கடைசிப் பாடவேளை வேண்டாம் என்றதும் அதற்கு முந்தையதை ஒதுக்கினீர்கள். அழுத பிள்ளை கண்ணைத் துடைத்த கையோடு பேருந்துக்கு ஓடக் கூடாது. ஆண்டு விழாவில் இந்தப் பாட்டுகளைக் கேட்காமல் விட்டது அதைவிடப் பெரிய உதவி. மேடை உண்டென்று தெரிந்தால் பிள்ளைகள் மரம் வளர்ப்பதைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

தமிழாசிரியர் ஐயா, சிவப்பு மையைத் தொடவே இல்லை நீங்கள். 'கடுப்பா இருக்கு' என்று எழுதியவனிடம், "அது உடம்புல எங்க இருக்கு, தொண்டையிலா வயித்திலா?" என்று மட்டும் கேட்டீர்கள். கோபமா அவமானமா என்பது அப்படிக் கேட்டால்தான் பிரிந்து வருகிறது. எதுகைக்காக 'அம்மா'வுக்குச் 'சும்மா' போடப் போய், சொல்ல வந்ததையே கைவிடும் பிள்ளைகள் உண்டு. எதுகை கட்டாயமில்லை என்று தமிழாசிரியரே சொன்னதில் அவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

ஆர்மோனியம் வாசித்த அக்காவுக்குத் தனி நன்றி. வெறும் தாளை நீட்டி மனதில் இருப்பதை எழுதச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் இடம் விட்ட நான்கு வரிகளில் தொடங்குகிறோம்: "வீட்டுக்குள்ள நுழையும்போது ______", "யாராச்சும் கேட்டா ______ன்னு சொல்வேன்". வரிக்கு எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். நிரப்பியபின் தன்னானே போட்டு மெட்டுத் தேடுகிறோம். சினிமா மெட்டு எளிது, ஆனால் அதன் பழைய சொற்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மோகன ராகத்தின் ஐந்து சுரமே போதும். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு மேல் சட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'-வைத் தாண்டக் கூடாது. அதில் காந்தாரத்தை ('க') மட்டும் சற்றுத் தாழ்ந்த சாதாரண காந்தாரமாக இறக்கினால் சிவரஞ்சனி ராகம். ஒரே வரியை இரண்டிலும் பாடிக் காட்டி, எது உன்னுடையது என்று அக்கா கேட்பார். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் கை நீட்டிக் காட்டத் தெரிகிறது.

பறைக் கலைஞர் அண்ணனுக்கும் நன்றி. அறைக்குள் பறை குரலை மூழ்கடிக்கும் என்று மேசையில் விரலால் தட்டினார். கோபத்தோடு வருபவர்களிடம் மெதுவான தாளம் எடுபடாது. நிமிடத்துக்கு 120 தட்டில் அவர்களோடு ஓடி, கடைசிப் பத்து நிமிடத்தில் 70-க்கு இறக்கினார்.

பக்கத்து அறையில் காத்திருந்த ஆலோசகரே, நீங்கள் இருந்ததால்தான் கனமான வரிகளுக்கு இடம்கொடுக்க முடிந்தது. எழுதியது வெளியே போகாது, ஆனால் துன்புறுத்தலோ உயிருக்கு ஆபத்தோ தெரிந்தால் சொல்லியே தீருவோம் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். பாலியல் துன்புறுத்தலானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது கடமையும்கூட.

பெற்றோரே, ஒப்புதல் தந்தீர்கள், பாட்டைக் கைபேசியில் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. மிக்க நன்றி.

பிள்ளைகளே, எழுதியவர்களுக்கும், எழுதாமல் தாளம் மட்டும் போட்டவர்களுக்கும் எங்கள் அன்பு. நோட்டு உங்களுடையது. வைத்துக்கொள்ளலாம், கிழித்தும் போடலாம்.

அடுத்த பருவத்துக்கும் அதே அறையையும் அதே பாடவேளையையும் ஒதுக்கித் தருமாறு தலைமை ஆசிரியர் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இசைச் சிகிச்சைக் குழுவினர்