இந்தியா–இலங்கை செலவு ஒப்பீட்டில் மாநிலங்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்திய அரசும் இலங்கை அரசும் ஆண்டுதோறும் எவ்வளவு செலவழிக்கின்றன என்று அருகருகே போட்டுக் காட்டும் அட்டவணைகள் பட்ஜெட் காலத்தில் நாளிதழ்களில் வருகின்றன. 2023ஆம் ஆண்டில் இலங்கையின் செலவு அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 19 சதவீதம். இந்திய மத்திய அரசின் செலவு 2023-24இல் சுமார் 15 சதவீதம். இதைப் பார்க்கும் வாசகர், இலங்கையில்தான் அரசு அதிகம் செலவழிக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். அது தலைகீழான முடிவு.

இலங்கை மாகாண சபைகளின் செலவில் பெரும்பகுதி கொழும்பு தரும் பணம். அது மத்தியக் கணக்கிலேயே வந்துவிடுகிறது. இந்தியாவிலோ பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை, போலீஸ், பாசனம் எல்லாம் பெரிதும் மாநிலக் கணக்கு. பகிர்ந்துகொள்ளும் வரியில் மாநிலங்களுக்கு என 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதம், டெல்லியின் செலவில் சேர்வதே இல்லை. வரவுப் பக்கத்திலேயே கழிந்துவிடும். மாநிலங்களையும் கூட்டினால் இந்தியாவின் விகிதம் 27, 28 சதவீதத்துக்குப் போகும். கூட்டும்போதும் கவனம் வேண்டும். மத்திய மானியங்களும், மாநிலங்களுக்குத் தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடனும் (2025-26 பட்ஜெட்டில் ரூ.1.5 லட்சம் கோடி) டெல்லியின் செலவிலும் இருக்கும், அதே பணம் மாநிலத்தின் செலவிலும் இருக்கும். ஒரு பக்கம் கழித்தே ஆக வேண்டும். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் மாநில நிதிநிலை ஆய்வை எடுத்துக்கொண்டால் இது ஒரு மணி நேர வேலைதான்.

அடுத்த தவறு கடனின் அசலில். இலங்கை பட்ஜெட்டின் மொத்தத் தொகை என்று சொல்லப்படுவதில் கடன் அசல் திருப்பிச் செலுத்துவதும் சேர்ந்திருப்பதுண்டு. இந்திய பட்ஜெட் உரையில் சொல்லப்படும் மொத்தச் செலவில் அது அடங்காது. இந்த இரண்டையும் ஒரே வரிசையில் எழுதினால் இலங்கையின் செலவு வீங்கித் தெரியும். வட்டியைச் சேர்க்கலாம், அசலைச் சேர்க்கக் கூடாது.

பல ஆண்டுகளை ஒப்பிடும்போது எந்த அளவுகோல் என்பதே பெரிய கேள்வி. 2021இல் இலங்கையின் செலவு ஏறத்தாழ 3.52 லட்சம் கோடி இலங்கை ரூபாய், 2022இல் 4.47 லட்சம் கோடி. ரூபாயில் 27 சதவீத உயர்வு. ஆனால் அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் கொழும்பு விலைக் குறியீட்டின்படி 46.4 சதவீதம். விலைவாசியைக் கழித்தால் செலவு சுமார் 13 சதவீதம் சுருங்கியிருக்கிறது. டாலரில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, ஏனென்றால் ஆண்டுச் சராசரியில் ஒரு டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சுமார் 325 ரூபாய்க்குப் போனது. மொத்த உற்பத்தியின் விகிதமாக 20இலிருந்து 18.5 சதவீதம் அளவுக்கு இறக்கம். ஒரே கணக்குக்கு நான்கு விடை! மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விலைவாசி கழித்த கணக்கு. அரசின் பருமனைக் கேட்டால் உற்பத்தி விகிதம். டாலர் கணக்கை இப்படிப்பட்ட ஆண்டுகளில் தொடாமலிருப்பதே நல்லது.

இந்திய மத்திய அரசின் செலவு 2020-21இல் தொட்ட உச்சத்தையும் அப்படியே நம்ப முடியாது. உணவு மானியத்துக்கு பட்ஜெட் மதிப்பீடு ரூ.1.16 லட்சம் கோடி, இறுதிக் கணக்கு ரூ.5.41 லட்சம் கோடி. கொரோனா காலத்து இலவச அரிசி, கோதுமை இதில் ஒரு பகுதி. இன்னொரு பெரும்பகுதி பழைய பாக்கி: முந்தைய ஆண்டுகளில் மானியத்தை முழுதாகத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து இந்திய உணவுக் கழகத்தைக் கடன் வாங்க வைத்திருந்தார்கள். அதை அடைத்ததும் பல ஆண்டுச் செலவு ஒரே ஆண்டில் வந்து விழுந்தது. இலங்கையில் இதற்கு நேர்மாறு. பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தின் வெளிநாட்டு நாணயக் கடன் 2022 டிசம்பரில் அரசின் கடன் கணக்குக்கு மாற்றப்பட்டது, செலவுப் பத்தி வழியாக வரவில்லை. தவிர, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. ரொக்கக் கணக்கில், கட்டாத வட்டி செலவாக ஏறாது.

நிதியாண்டும் பொருந்தாது. இலங்கைக்கு ஜனவரி–டிசம்பர், இந்தியாவுக்கு ஏப்ரல்–மார்ச். இலங்கையின் 2022ஆம் ஆண்டோடு ஒப்பிட, இந்தியாவின் 2022-23இல் முக்காலும் 2021-22இல் காலும் எடுத்துக் கூட்டுவது வழக்கம். மார்ச்சில் செலவு குவிவதால் அதுவும் சற்றுப் பிசகும். மாதாந்தரக் கணக்கைக் கூட்டுவது மேல்.

வட்டியைத் தனிப் பத்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். 2023இல் இலங்கையின் செலவில் சுமார் 46 சதவீதம் வட்டிக்கே போயிற்று. இந்திய மத்திய அரசுக்கு 2023-24இல் அது 24 சதவீதம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மிஞ்சியது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்திலாவது நான்கு தகவல்கள் அச்சாக வேண்டும்: மாநிலங்கள் சேர்ந்தனவா, அசல் கழிந்ததா, எண்கள் மதிப்பீடா இறுதிக் கணக்கா, உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டு எது.

இப்படிக்கு,
பொதுநிதி ஆசிரியர் ஒருவர்,
திருச்சி