தாத்தா இறந்தே இருக்கட்டும்: சிறார் நூல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறார் நூல்களைப் பதிப்பிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாயக் கதைகள் எழுதுகிறவன் நான். மரணமும் பேயும் வரும், அவற்றோடு சேர்ந்தே சிரிப்பும் வரும், அந்த வகை. சென்ற ஆண்டு ஒரு பதிப்பகத்துக்குக் கைப்பிரதி ஒன்றை அனுப்பினேன். மரணத்தின் அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலைக்குச் சேரும் பத்து வயதுச் சிறுமியின் கதை. அங்கே ஆளுக்கொரு கோப்பு உண்டு. அவர் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் அதில் ஒரு தாள். மரணத்துக்கோ கண் சரியாகத் தெரியாது. பெயரைத் தப்பாகப் படித்து வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருவார். ஒரு நாள் சிறுமியின் கைக்கு அவளுடைய தாத்தாவின் கோப்பே வந்து சேர்கிறது. கடைசியில் தாத்தா இறந்துவிடுகிறார்.

சிரிப்பு பிடித்திருக்கிறது, தாத்தா மட்டும் பிழைத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் எல்லாம் கனவு என்று முடித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. இப்படி எழுதும் என் நண்பர்கள் சிலருக்கும் இதே பதில்தான் வந்திருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திருத்தம் கதையின் உயிரையே எடுத்துவிடுகிறது.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டாலின் சிறார் நாவல் 'தி விட்சஸ்' 1983இல் வந்தது. சூனியக்காரிகள் ஒரு சிறுவனை எலியாக்கிவிடுகிறார்கள். அவன் மறுபடி மனிதனாவதே இல்லை. எலியாக மாறியவன் எத்தனை ஆண்டு வாழ்வான் என்று பாட்டியிடம் கேட்கிறான். ஒன்பது ஆண்டு இருக்கலாம் என்கிறாள் பாட்டி. அவளுக்கு வயது 86. அப்படியானால் ஏறக்குறைய ஒன்றாகவே போய்விடலாம் என்று அவனுக்கு மகிழ்ச்சி. பாட்டிக்குப் பின்னும் உயிரோடு இருந்து வேறு யாரிடமோ வளர அவனுக்கு விருப்பமில்லை. சிறார் நூல்களில் இதைவிட அன்பான உரையாடலை நான் படித்ததில்லை. மரணத்தை எடுத்துவிட்டால் அந்த அன்பைச் சொல்ல அங்கே வேறு வழியே கிடையாது. 1990இல் வந்த திரைப்படம் அவனைத் திரும்பச் சிறுவனாக்கியது. டாலுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இந்த வகைக் கதையில் உண்மையான இருட்டு பேயிடம் இல்லை என்பது என் எண்ணம். அது பிள்ளை சொல்வதைக் காதில் வாங்காத பெரியவர்களிடம் இருக்கிறது. லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் 1999 முதல் 2006 வரை வெளிவந்த 13 நூல்களைப் பாருங்கள். பெற்றோரை இழந்த மூன்று பிள்ளைகளை ஒரு கயவன் வேடம் மாற்றி மாற்றித் துரத்துகிறான். வேடம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. பத்து வயது வாசகர் அங்கே சிரிப்பது, அந்தப் பெரியவர்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். "அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படு" என்ற பதிலை எந்தப் பிள்ளைதான் கேட்டதில்லை? கதைசொல்லியாவது தன் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்ததும் வருகிற சிரிப்பு அது.

பயமுறுத்துவது எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் தன் மூன்று வயது மகனுக்காக வரைந்து எழுதி, 1845இல் அச்சான 'ஸ்ட்ரூவெல்பீட்டர்' பாடல்களில் ஒரு சிறுமி தீக்குச்சியோடு விளையாடிச் சாம்பலாகிறாள். அருகில் இரண்டு பூனைகள் அழுகின்றன. படம் அருமைதான், ஆனாலும் பயம் அங்கே பிரம்பாக நிற்கிறது. 1907இல் ஆங்கிலக் கவிஞர் ஹிலேர் பெல்லாக் அந்தப் பிரம்பையே கேலிப்பொருளாக்கினார். அவருடைய பாடல் ஒன்றில், செவிலித்தாயின் கையை விட்டு ஓடிய சிறுவனைச் சிங்கம் தின்றுவிடுகிறது. செய்தி கேட்ட தாயோ, சொன்ன பேச்சைக் கேட்காதவன்தானே, இதில் ஆச்சரியமில்லை என்கிறாள். இங்கே நாம் சிரிப்பது இறந்த பிள்ளையைப் பார்த்து அல்ல, அறிவுரை சொல்லியே பழகிய பெரியவர்களைப் பார்த்து. கைப்பிரதியைப் படிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சிரிப்பு யார்மேல் விழுகிறது? வலுவற்றவர்மேல் விழுந்தால் தயங்காமல் வெட்டுங்கள், நானும் உங்களோடு நிற்பேன். மரணத்தின் மேலோ கொடுங்கோலர் மேலோ விழுந்தால் விட்டுவிடுங்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. தோளில் கிடக்கும் பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்லும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாக வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். மன்னன் எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்கிறான். அதைப் படித்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

அப்புறம் ஒன்று. உங்களிடம் சலுகை கேட்கவில்லை, கடுமையான எடிட்டிங் கேட்கிறேன். இவ்வகைக் கதையில் வாக்கியத்தின் நீளம் சற்றுப் பிசகினாலும் சிரிப்பு செத்து, வெறும் பயம் மிஞ்சும். மாய உலகத்தின் விதி ஓரிடத்தில் தளர்ந்தால் பயமும் போய்விடும். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நண்பரின் ஒன்பது வயது மகளுக்கு என் கைப்பிரதியைப் படித்துக் காட்டியபோது, தாத்தா இறக்கும் இடத்தில் அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா கோப்பு ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? அவர் பொய்யே சொல்ல மாட்டாரா?" என்று கேட்டாள். நான் யோசித்திராத கேள்வி. அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். இப்போது கோப்பில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. "எனக்கு வலிக்கவே இல்லை, கண்ணு" என்று பேத்தியிடம் தாத்தா சொன்ன பொய்.

அடுத்த மாதம் அதை மறுபடி அனுப்பப்போகிறேன். தாத்தா இறந்துதான் இருப்பார். எந்தப் பக்கத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று குறித்து அனுப்புங்கள், அந்தப் பக்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்களுக்குக் கதை அனுப்பும் எழுத்தாளன்